பன்னண்டு கதவும் ஒரு புளியங்கொட்டையும்

என் அம்மாவுக்கு, கடல்காத்தோடு நடந்த புடவை இழுபறியில் ஒருநாளும் தோற்காதவளுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும், முக்கியமாக மண்ணுக்குக் கீழே இருக்கும் உனக்கும், தெரியப்படுத்துவது என்னவென்றால்: நமது சருகுபாளெம் கடற்கரையில் கக்கூஸ் திறந்து வைக்கப்பட்டது. பொம்பளைங்க பக்கம் மட்டும் பன்னண்டு கதவு. விழாவுக்கு மேளம் வந்தது, பந்தல் வந்தது, நாயுடுபேட்டையிலிருந்து மைக் செட் வந்தது. ஆயுத பூஜைக்கு ஆட்டோவுக்கு வைக்கிற மாதிரி பன்னண்டு கதவுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். ஐயருக்கு மட்டும் ஒரு குழப்பம், கற்பூரத்தை எதைப் பார்த்துக் காட்டுவது என்று. கடைசியில் வாஷ்பேசினைப் பார்த்துக் காட்டிவிட்டார்.

ரோஸ் கலர் ரிப்பனை வெட்டின பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "வெரி குட்" என்றார். பழக்க தோஷத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டே வெளியே வந்தார். ஒருத்தரும் இன்னும் கால் வைக்காத கக்கூஸ் அம்மா அது! அதற்குப் பேர் கூட கக்கூஸ் இல்லையாம், 'ரிஃப்ரெஷ் பாயிண்ட்'. உள்ளே போய்விட்டு வந்தால் புத்தம் புதுசாகிவிடுவோம் போல.

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். இல்லை, பாதியில் நிறுத்தியிருப்பாய். நீ எப்பவுமே சிரிப்பைப் பாதியில் நிறுத்துகிற ஆள். முழுசாகச் சிரித்தால் அடக்க முடியாது என்பதால்தான் நிறுத்தினாய் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. உனக்குச் சிரிப்பே அவ்வளவுதான் வரும் என்று நினைத்திருந்தேன்.

ஊர் சேதி கேட்கிறாயா? ஊர் கரையேறிவிட்டது அம்மா. நீதான் கரைந்துவிட்டாய்.

சருகு என்று பேர் வைத்த ஊர் பச்சையாகும் என்று யார் கண்டது? இப்போது திருமலையில் சாமி பார்த்து மொட்டை போட்டவர்களை அப்படியே பஸ்ஸில் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். காலையில் லட்டு, பத்து மணிக்குக் கடல் குளியல், மத்தியானம் மீன் வறுவல், போகிற வழியில் நாகலாபுரம் கோயில். எல்லாம் ஒரே டிக்கெட். சந்தனம் பூசின மொட்டைகள் வரிசையாக அலையில் முழுகி எழும்புவதைப் பார்த்தால், யாரோ ஒரு கூடை பலாக்கொட்டையைக் கொட்டிக் கழுவுகிற மாதிரியே இருக்கும். இடிந்து கிடந்த அந்தப் பழைய லாட்ஜ் ஞாபகம் இருக்கிறதா, மாடியில் ஆடு மேயுமே? அதுதான் இப்போது ரிசார்ட். சவுக்குத் தோப்பு இருந்த இடம் புல்தரை. அந்தப் புல்லுக்கு மூன்று வேளையும் தண்ணீர் அடிக்கிறார்கள். மனுசர் கால் படக்கூடாது என்று போர்டு வேறு.

நீ நின்ற இடத்தில் ஒரு பெரிய இரும்பு இதயம். சிவப்பு பெயிண்ட். ஜோடி ஜோடியாக அதற்குள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். சரியாக நீ கழி நட்ட இடம்தான் அம்மா. புதுசாகத் தோண்டக்கூட இல்லை. உன் கழியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குழி போதும் என்று அதிலேயே சிமெண்ட் ஊற்றினார்கள்.

போன வெள்ளிக்கிழமை நைனா குவைத்திலிருந்து வீடியோ கால் போட்டார். "ஊரு சூப்பரா ஆயிட்ச்சாமே ரேவதி! ரிசார்ட்டு வீடியோவ இங்க ரூம்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் காட்டினேன். எங்கூருன்னேன். ஒருத்தனும் நம்பல" என்றார். "ஆமா நைனா, எல்லாம் வந்துட்ச்சு" என்றேன். யார் போனது என்று அவரும் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நெட் வேறு விட்டு விட்டு வந்தது. நல்லதாய்ப் போயிற்று.

தோள் வழியாக எட்டி இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்க அம்மா இந்தக் கடற்கரையில் என்ன உத்தியோகம் பார்த்தாள் என்று உங்களுக்குத் தெரியாது. புடவை பிடிக்கிற உத்தியோகம்.

எங்களுக்கு ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். நிலம் கிடையாது. நைனா டிரைவர் விசாவில் குவைத்துக்குப் போனதும், அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சவுக்கு வெட்டுகிற வேலைக்கு இங்கே வந்தாள். அப்போது இந்த ஊர் செத்துக் கிடந்தது. ஒரு காலத்தில் மெட்ராஸிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்களாம், மூன்று லாட்ஜ் இருந்ததாம். ரோடு பெரிதானதும், கையில் காசு வந்ததும், அவர்கள் எல்லாரும் இன்னும் தூரமான கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். வழி தப்பின மாதிரி வாரத்துக்கு நாலு பஸ் வரும். அதிலிருந்து இறங்கின பொம்பளைங்க குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து துணி மாற்றுவதை அம்மா பார்த்தாள். மறுநாள் நாலு சவுக்குக் கழி நட்டு, பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டினாள். அதுதான் எங்க ஊர் 'புடவை ரூம்'. குடுக்கிறதைக் குடுத்துவிட்டுப் போவார்கள்.

மூன்று பக்கம் கட்டிவிடலாம். வாசல் பக்கத்தைக் கட்ட முடியாது. கட்டினால் கடல்காத்து கிழித்துப் போடும். அந்தப் பக்கத்தை ஒருத்தர் கையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். உள்ளே பொம்பளைங்க இருக்கிற வரைக்கும் கையை எடுக்க முடியாது. எங்க அம்மா பதினோரு வருசம் கையை எடுக்கவில்லை.

சரி, இனி உன்னோடு.

காலையில் பல் விளக்கினதும் ஒரு மடக்கு டீ. அவ்வளவுதான், சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வாய் காயாமல் இருக்க ஒரு புளியங்கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாய். பொழுது சாய்ந்ததும் அதை மணலில் துப்புவாய். "இந்நேரம் இங்க புளியந்தோப்பே மொளச்சிருக்கணும்மா" என்று நான் சொன்னதற்கு, நீ பாதி சிரித்தாய்.

ஊர் செத்துக் கிடந்தபோது உனக்குத் தோப்பாவது இருந்தது. பஸ் இல்லாத நேரம் பார்த்து ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வருவாய். ஊருக்கு உயிர் வந்தபோதுதான் தோப்பை வெட்டி வேலி போட்டார்கள். அப்புறம் உப்பளத்தைத் தாண்டிப் போக வேண்டும். போய்விட்டு வர முக்கால் மணி. அதற்குள் நாலு பஸ் வந்து நிற்கும். எல்லாரும் ஊருக்கு நல்ல காலம் பிறந்தது என்று பேசிக்கொண்டிருந்த அந்த இரண்டு வருசமும் நீ அடக்கிக்கொண்டு நின்றாய். "சூடு, ஒண்ணுமில்ல" என்றாய். வெந்தயத்தை முழுங்கினாய். அதையும் தண்ணீர் இல்லாமல்.

என்னைக் கேட்டாய். மறக்கவில்லை. மூன்று தடவை. "ரேவதி, செத்த நேரம் இந்தத் தலப்ப புடிச்சிக்கோடி, ஓடி வந்துடறேன்." முதல் தடவை, "நான் என்ன கொடிக்கம்பமா, புடவைய மாட்டிவிட?" என்று ஓடிவிட்டேன். நீயும் சிரித்தாய், பாதி. இரண்டாவது தடவை காது கேட்காத மாதிரி போனேன். மூன்றாவது தடவை என் கிளாஸ் பிள்ளைகள் ஐஸ் துன்னுக்கினு அந்தப் பக்கம் வந்தார்கள். உன்னை யாரென்று தெரியாத மாதிரியே போய்விட்டேன். ஜோக் அடிக்கக்கூட இல்லை அம்மா அந்தத் தடவை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா கேட்டார், "ரோஜுக்கு என்னி நீள்ளு தாகுதாவம்மா?" ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று. நீ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாய். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட பிள்ளை மாதிரி உன் முகம். "பனிலோ உண்டே ஒக்க சுக்க கூட தாகனு மேடம்" என்றாய். வேலையில் இருந்தால் ஒரு சொட்டுக்கூடக் குடிக்க மாட்டேன் என்று, அவ்வளவு பெருமையாக. அந்தம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் உன்னைப் பாராட்டப் போகிறார் என்று நீ காத்துக்கொண்டிருந்தாய்.

கிட்னி இரண்டும் போய்விட்டது என்று உனக்குப் புரிகிற மாதிரி யாராவது சொன்னார்களா? இல்லை, புரிந்தும் புரியாத மாதிரி படுத்திருந்தாயா?

உன்னைக் கொண்டுவந்து போட்டபோது ஊரே சொன்னது, "அடக்கமான பொம்பள" என்று. அடக்கி அடக்கியே அடக்கம் ஆனாய் என்று நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். யாரோ என் வாயைப் பொத்தினார்கள்.

இப்போது புடவை ரூமில் சின்னம்மா நிற்கிறாள். நீ இருந்தபோது அவள் சத்தியவேடு பக்கம் ஃபேக்டரியில் பேக்கிங்கில் இருந்தாள் இல்லையா, அந்தக் கான்ட்ராக்ட் முடிந்து வேன் வருவது நின்றுவிட்டது. உன் தங்கச்சி என்னை வளர்க்க இங்கே வந்தாள். இரும்பு இதயத்துக்கு வடக்கே, சாக்கடை வந்து கடலில் சேர்கிற இடத்தில் கழி நட்டுக்கொள்ள விட்டிருக்கிறார்கள். ரிசார்ட் டிக்கெட் வாங்கினவர்களுக்குக் கையில் ரோஸ் கலர் காகிதப் பட்டை ஒன்று கட்டுகிறார்கள், 'பேண்டு' என்று பேர். பட்டை இருந்தால் பன்னண்டு கதவும் திறக்கும். பட்டை இல்லாதவர்களுக்குச் சின்னம்மாவின் புடவை. சின்னம்மாவுக்கு? அவளுக்கு உப்பளம்.

திறப்பு விழா மைக்கில் 'ஊர் மக்களுக்காக' என்று ஏழெட்டு தடவை சொன்னார்கள். மறுநாளே சின்னம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் ஸ்டூல் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருப்பது யார் தெரியுமா? நம்ம ஊர் முனிரத்தினம் மாமா. யூனிஃபார்ம், விசில் எல்லாம் போட்டுக்கொண்டு.

"மாமா, சின்னம்மா உள்ள போகணும்."

"பேண்டு கீதா?"

"பேண்டு மேளமெல்லாம் நேத்தே ஊருக்குப் போயிட்ச்சு மாமா."

"வெளையாடாத ரேவதி. கையில பேண்டு இல்லாம ஒருத்தரையும் உடக்கூடாதுன்னு ஆர்டரு. என் வேலைய துன்னுடாதம்மா."

"உங்கூரு பொம்பள மாமா!"

"அதான் பயமா கீது. சொந்த ஊரு ஆளுன்னு உட்டுட்டான்னு எவனாச்சும் போட்டுக் குடுத்தா, நானும் உங்கூட உப்பளத்துக்குத்தான் வரணும்."

சின்னம்மா என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "உடுடி. எனக்கு வரவே இல்ல" என்றாள்.

எனக்கு வரவே இல்ல. இந்த வார்த்தையை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்?

அப்புறம் உன் பெண் சும்மா இருப்பாளா? அடங்காப்பிடாரி என்று நீதானே பேர் வைத்தாய். இரும்பு இதயத்துக்குப் பின்னால் ஒரு கருவாட்டுக் கூடையைக் கட்டித் தொங்கவிட்டேன். அந்த வாரம் எடுத்த போட்டோவில் எல்லா ஜோடியும் மூக்கைச் சுளித்துக்கொண்டு நிற்கிறது, கல்யாணமாகி இருபது வருசம் ஆன மாதிரி. இன்னொரு நாள் ஸ்கூல் விட்டு வந்தவள், பையை மணலில் வீசிவிட்டு யூனிஃபார்மோடு அப்படியே கடலில் பாய்ந்தேன். டூரிஸ்ட்டுங்க கை தட்டினார்கள், வீடியோ எடுத்தார்கள். சின்னம்மா முதுகில் நாலு போட்டு, "ஏன்டி இப்டி பண்ணே?" என்றாள். "சும்மா ஜாலிக்கு" என்றேன். இந்தக் கடற்கரையில் எனக்குப் பயம் என்பதே கிடையாது என்று அன்றைக்கு ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

அதற்கு மறுநாள் செய்ததுதான் என் வாழ்நாள் சாதனை.

ஒரு நோட்டீஸ் எழுதினேன் அம்மா. மேலே தெலுங்கு, கீழே தமிழ். 'கடற்கரையில் வேலை செய்யும் பெண்கள் அனைவரும் இந்த வசதியை எந்நேரமும் இலவசமாகப் பயன்படுத்தலாம். தடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். உத்தரவுப்படி.' யார் உத்தரவு என்று போடவில்லை. போட்டால்தானே கேள்வி வரும்? சோடா மூடியை இங்க் பேடில் ஒற்றி வட்டமாக ஒரு முத்திரை குத்தினேன். நடுவில் கட்டைவிரலை வைத்துக் கொஞ்சம் தேய்த்து விட்டேன். எந்த ஆபீஸ் முத்திரையில் எழுத்து தெளிவாகத் தெரிந்திருக்கிறது? பஸ் ஸ்டாப் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடக் கொடுத்தேன். "எந்த ஆபீசுதும்மா இது?" என்று அண்ணன் கேட்டார். விரலை மேலே காட்டினேன். அவர் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக ஒட்டிவிட்டு, ஐஸ் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

முனிரத்தினம் மாமா வந்தார். படித்தார். திரும்பவும் படித்தார். முத்திரையைத் தொட்டுப் பார்த்தார், செருப்பைக் கழட்டாத குறைதான். அப்புறம் விசிலை எடுத்து ஊதினார் பார், "ஏம்மா, மீனு வறுக்கிறவங்க, பாசிமணி விக்கிறவங்க, எல்லாம் வாங்கம்மா! ஆர்டரு வந்துட்ச்சு!" என்று. முதலில் ஒருத்தரும் நம்பவில்லை. அப்புறம் ஒவ்வொருத்தராக, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிற மாதிரி வரிசையில் நின்றார்கள். அந்தப் பன்னண்டையும் தினம் கழுவி விடுகிற அக்கா இருக்கிறாளே, அவள் உள்ளே போய்த் தனக்காகக் கதவைச் சாத்தினதே அன்றைக்குத்தான்.

மேனேஜர் பத்து மணிக்கு வந்தார். சின்ன வயசு, கெட்டவர் என்று சொல்ல முடியாது. நோட்டீஸைப் பார்த்து நின்றார். "எப்புடு பெட்டாரு?" என்று கேட்டார், எப்போது ஒட்டினார்கள் என்று. "பொத்துன்னே சார்" என்றார் மாமா, காலையிலேயே. இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மேனேஜர் ஒட்டச் சொன்னது என்று மாமா நினைத்தார். மேலேயிருந்து வந்தது என்று மேனேஜர் நினைத்தார். மேலே இருப்பவர் ஒருத்தர் அடுத்த வாரம் ஜீப்பில் வந்து, மேனேஜர் வைத்தது என்று நினைத்துக்கொண்டார். "நல்ல ஐடியா அய்யா இது!" என்று கையைக் குலுக்கினார். மேனேஜர் ஒரு நொடி முழித்தார். ஒரே ஒரு நொடிதான். "தேங்க்யூ சார், எல்லாம் எங்க டீம்" என்றார்.

போட்டோ எடுத்தார்கள். லேமினேஷன் போர்டைக் கழட்டிவிட்டு, அதே வார்த்தையைப் பெரிய தகரத்தில் நீல பெயிண்டில் எழுதி மாட்டினார்கள். 'தடுப்பவர்கள் மீது நடவடிக்கை' மட்டும் காணோம். அந்த இடத்தில் 'உங்களுக்கு எங்கள் அன்பளிப்பு' என்று ரிசார்ட் பேர். அன்பளிப்பாம். தோப்பை அழித்தவர்கள் அளிக்கிற அன்பு!

கும்பலில் நான் முதல் வரிசையில் நின்றிருந்தேன். 'நான்தான் எழுதினேன், எங்க அம்மாவுக்காக எழுதினேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேனேஜர் முகம் என்ன ஆகியிருக்கும்! பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன். சின்னம்மாதான் மெதுவாக, "எங்கக்கா இங்க பதினோரு வருசம் நின்னா சார். அது பேரு ஒரு ஓரமா போட்டா நல்லா இருக்கும்" என்றாள். அவர் செல்லைப் பார்த்துக்கொண்டே, "சூத்தாம்மா, சூத்தாம்" என்றார். பார்க்கலாமாம். உன்னைப் பார்க்க வேண்டிய காலத்திலேயே யாரும் பார்க்கவில்லை, பேரையா பார்க்கப் போகிறார்கள்?

ஆக, பன்னண்டு கதவும் திறந்தாயிற்று. கதை சுபம் என்று போட்டுவிடலாம். ஆனால் போட முடியவில்லை அம்மா. சின்னம்மா இன்னும் போகவில்லை.

மீன் வறுக்கிற அக்கா போகிறாள், மணி விற்கிற அக்கா போகிறாள். இவள் மட்டும் போவதில்லை. நேற்று சாயங்காலம் கேட்டேன்.

"சின்னம்மா, கதவு தொறந்து கீது. போர்டு கீது. போட்டோ எடுத்து பேப்பர்ல கூட போட்டாச்சு. போயேன்."

"உள்ள ரெண்டு பேரு துணி மாத்திக்கினு கீறாங்க. எப்டிடி உட்டுட்டுப் போறது?"

"அவங்க வெளிய வந்தப்புறம் போ."

"அவங்க வந்தா வேற ரெண்டு பேரு வருவாங்க."

"வாயத் தொற."

"எதுக்குடி?"

"தொறன்னா."

திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. உனக்குப் புடைத்திருக்குமே, அதே இடம். இன்னொரு கை அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. "எரியுதா?" என்றேன். "சூடு, ஒண்ணுமில்ல" என்றாள். உன் குரல் அம்மா. அப்படியே உன் குரல். கதவே இல்லாததால் நீ போனாய். திறந்த கதவுக்கு எதிரிலேயே இவளும் போய்விட்டால் நான் யாரைத் திட்டுவது? எந்த போர்டை எழுதுவது?

ராத்திரி முழுக்க யோசித்தேன். அவளிடம் என்ன சொன்னால் கேட்பாள்? 'எங்கக்கா அடக்கினா, நானும் அடக்கறேன், இதெல்லாம் பொம்பளைக்கு சகஜம்' என்று இருக்கிறாள். அடக்குவது ஒரு திறமை என்று உன்னை மாதிரியே நம்புகிறாள். அது யாராலும் முடிகிற காரியம் இல்லை என்று அவளுக்குச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறது. அந்த ஆள் இவ்வளவு நேரம் உன்னிடம் பீலா விட்டுக்கொண்டிருந்த ஆள்தான்.

நாளைக்கு உனக்கு இரண்டாம் வருசத் திதி. படையலில் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வைப்பேன், அப்புறம்தான் வடை. படையல் முடிந்ததும் ஸ்கூலுக்கு மட்டம். மறுநாளிலிருந்து ஸ்கூல் விட்டதும் நேராகப் புடவை ரூம். வாசல் தலைப்பை நான் பிடிப்பேன். என் கிளாஸ் மொத்தமும் ஐஸ் துன்னுக்கினு வரிசையாக வந்தாலும் கையை எடுக்க மாட்டேன். சின்னம்மா கொட்டையைத் துப்பிவிட்டு, என் கண் முன்னால் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தப் பன்னண்டில் ஒன்றுக்கு நடந்து போக வேண்டும். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. மூன்று தடவை கேட்டாய். மூன்றுக்கும் சேர்த்து.

ஆனால் அவள் நகர வேண்டுமென்றால் அவளிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். ஒத்திகை மாதிரி முதலில் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். மத்தவங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டீஸ் உனக்காக எழுதினது இல்லை அம்மா. சின்னம்மாவுக்காகவும் இல்லை. அதற்கு முந்தின நாள் ஸ்கூல் வாசலில் ஃபலூடா இரண்டு கிளாஸ் குடித்தேன். கடற்கரைக்கு வரும்போதே முட்டிக்கொண்டு வந்தது. முனிரத்தினம் மாமாவிடம் கெஞ்சினேன். ஜோக் எல்லாம் இல்லை, நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டேன். பேண்டு கேட்டார். உப்பளத்தைப் பார்த்து ஓடினேன். பாதி வழி கூடப் போகவில்லை. யூனிஃபார்ம் நனைந்துவிட்டது. பதினாறு வயசு. எதிரில் இரண்டு பஸ் ஜனம் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் கடலில் பாய்ந்தேன். ஜாலிக்கு இல்லை. மொத்தமும் நனைந்துவிட்டால் எது எது என்று தெரியாதே. அவர்கள் கை தட்டினபோது தண்ணீருக்குள் அழுதுகொண்டிருந்தேன். மேனேஜர் முன்னால் வாயை மூடிக்கொண்டதும் பெருந்தன்மையால் இல்லை. எழுதினது நான் என்று சொன்னால், ஏன் எழுதினாய் என்று கேட்பாரே, அந்தப் பயம்.

ஒரு மணி நேரம் அம்மா. என்னால் ஒரு மணி நேரம் முடியவில்லை.

இப்படிக்கு,
உன் வயிற்றில் பிறந்தும் அடக்கத் தெரியாத மகள்,
ரேவதி